தொடர்நிலைத் தொடர்பாடலும் எட்டாவது பிட்டும்: படுவான்கரையிலிருந்து ஒரு நோக்கு

1

தொடர்பாடல் பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் செய்தியின் உள்ளடக்கத்தோடு நின்றுவிடுகின்றன. யார் சொன்னார், யாருக்குச் சொன்னார், எந்நோக்குடன் சொன்னார் என்னும் வினாக்களை இலக்கிய மாணவர் எழுப்புகின்றனர். அச்செய்தி எப்பொருளின் வழியே சென்றது, எவ்விதிகளுக்கு அமையச் சென்றது, அவ்வழி யாருடைய உடைமை என்னும் வினாக்கள் பொறியியலாளருக்கென ஒதுக்கப்படுகின்றன. இப்பாகுபாடு இயல்பானதென்று கொள்வதற்கில்லை. மூளையுழைப்பும் உடலுழைப்பும் பிரிந்து நிற்கும் சமுதாய அமைப்பிலே தோன்றி, பல்கலைக்கழகத்தின் துறைப் பிரிவுகளிலே நிலைபெற்றுவிட்ட பாகுபாடே அது.

கொக்கட்டிச்சோலையை அடுத்த ஒரு நெற்கொள்வனவுக் களஞ்சியத்தில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சி, இப்பாகுபாட்டின் விலையை யார் கொடுக்கின்றனர் என்பதை எனக்கு உணர்த்திற்று. ஒரு மின்னணுத் தராசுக்கும் ஒரு கணினிக்கும் இடையே ஓடிய கம்பியே அந்நிகழ்ச்சியின் களம். அக்கம்பியில் ஓடியதைச் செவிமடுக்க உதவிய மென்பொருளே அதன் முடிச்சை அவிழ்த்தது. கருவிகளுக்கிடையேயான தொடர்நிலைத் தொடர்பாடலைச் சோதிக்கவும் அவதானிக்கவும் பயன்படும் அத்தகைய மென்பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றின் சமுதாயப் பொருள் யாது என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தொடர்நிலை என்னும் சொல்லை விளங்கிக்கொள்வதற்கு மட்டக்களப்பு வாவியைக் கடந்தவர்கள் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. வாவியின் கீழைக்கரை எழுவான்கரை, மேலைக்கரை படுவான்கரை. மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்படும்வரை, மண்முனைத் துறையில் 'பாதை' என்று நம்மவர் அழைக்கும் மிதவைத் தோணியிலேயே மக்களும் வண்டிகளும் நெல் மூடைகளும் அக்கரைக்கும் இக்கரைக்குமாகச் சென்று வந்தன. வந்தவர் வரிசையில் நிற்பர், ஏறுவர், ஒன்றன்பின் ஒன்றாகக் கடப்பர். முதலில் ஏறியது முதலில் இறங்கும். தொடர்நிலைத் தொடர்பாடலும் இவ்வாறானதே. ஓர் எழுத்தைக் குறிக்கும் எட்டுப் பிட்டுகள் எட்டுக் கம்பிகளில் ஒருங்கே சென்றால் அது சமாந்தரத் தொடர்பாடல். ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றால் அது தொடர்நிலைத் தொடர்பாடல். கம்பி குறைவு, செலவு குறைவு, நெடுந்தூரம் செல்லும் ஆற்றல் ஆகியன பின்னதன் சிறப்புகள். தராசு, பண்டகசாலைப் பட்டைக் குறிவாசிப்பான், ஆய்வுகூடக் கருவி, படகிலுள்ள ஆழமானி, ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டி எனப் பலவகைக் கருவிகளும் இம்முறையிலேயே இன்றும் உரையாடுகின்றன.

வரலாற்று நோக்கில் இதன் மூதாதை தந்தியாகும். இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858ஆம் ஆண்டில் தந்திச் சேவை ஏற்பட்டது. அதற்கு முன்னர், காலித் துறைமுகத்தை அடைந்த கப்பல்கள் கொணர்ந்த ஐரோப்பியச் செய்திகளைக் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை புறாக்களின் மூலம் பெற்றுவந்தது. கோப்பிப் பெருந்தோட்ட மூலதனம் மேலோங்கி நின்ற காலம் அது. விரைவான செய்தியின் தேவை எவ்வர்க்கத்திடமிருந்து எழுந்தது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. 1853ஆம் ஆண்டில் நியூயோர்க் டெய்லி ட்ரிபியூன் பத்திரிகைக்கு இந்தியா பற்றி எழுதிய மார்க்ஸ், மின்தந்தியை அந்நாட்டின் ஒருமைப்பாட்டை வலுப்படுத்தும் கருவிகளுள் ஒன்றாக நோக்கினார். எனினும், புதிய உற்பத்திச் சக்திகளின் பயனை அம்மக்கள் துய்ப்பதற்குச் சமுதாய மாற்றமோ அடிமைத்தளையின் அறுபடலோ முன்நிபந்தனை என்பதையும் அவர் உடன் வற்புறுத்தினார். கருவி வந்தது என்பதும் கருவி நமதாயிற்று என்பதும் வேறு வேறு செய்திகள்.

தந்தியின் தொடக்ககாலத்தில் கம்பியின் இரு முனையிலும் மனிதர் இருந்தனர். மோர்சுக் குறிகளைச் செவியாற் கேட்டு எழுதிய தந்தி ஊழியரின் காதே அன்றைய வாங்கி. 1870களில் பிரான்சின் எமில் போடோ, ஒவ்வோர் எழுத்துக்கும் சம நீளமுள்ள ஐந்து அலகுக் குறியீட்டை அமைத்து, இயந்திரமே அச்சிடும் தந்தியை உருவாக்கினார். தொடர்பாடல் வேகத்தை அளக்கும் 'போட்' என்னும் அலகு அவர் பெயரால் அமைந்தது. பின்னர்த் தொலை அச்சுப்பொறி வந்தது, கணினி வந்தது. கணினிக்கும் மொடத்துக்கும் இடையேயான இணைப்பை நெறிப்படுத்தும் ஆர்எஸ்-232 என்னும் நியமத்தை அமெரிக்க இலத்திரனியல் கைத்தொழிற் சங்கம் 1960இல் வெளியிட்டது. 1969இல் வந்த அதன் சி வடிவம் உலகெங்கும் பரவியது. இவ்வளர்ச்சியில் ஒரு முரண்பாடு உண்டு. ஊழியர் செவியாற் கேட்ட காலத்தில் கம்பியில் ஏற்பட்ட தடுமாற்றத்தை அவர் உடனே உணர்ந்தார். இயந்திரம் இயந்திரத்தோடு பேசத் தொடங்கியபோது மனிதச் செவி உரையாடலிலிருந்து வெளியேற்றப்பட்டது. சரியும் பிழையும் ஒரேயளவு மௌனமாகக் கம்பியிற் சென்றன.

3

அவ்வுரையாடல் எவ்வாறு நிகழ்கின்றது? அனுப்பும் கருவிக்கும் வாங்கும் கருவிக்கும் பொதுவான கடிகாரம் இல்லை. ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தையே நம்பியிருக்கும். கம்பி சும்மா இருக்கும்போது ஒரு நிலையில் இருக்கும். எழுத்தொன்று வரப்போகிறது என்பதை அறிவிக்க ஒரு தொடக்கப் பிட் வரும். அதனைத் தொடர்ந்து தரவுப் பிட்டுகள் வரும். ஈற்றில் ஒரு நிறுத்தற் பிட் வரும். தொடக்கப் பிட்டைக் கண்டதும் வாங்கி தன் கடிகாரத்தை ஓடவிட்டு, உரிய இடைவெளிகளில் கம்பியின் நிலையைப் பார்த்து ஒன்று அல்லது பூச்சியம் எனக் குறித்துக்கொள்ளும். 9600 போட் வேகத்தில் ஒரு பிட்டுக்குரிய காலம் ஒரு செக்கனின் 9600இல் ஒரு பங்கு. ஓர் எழுத்துக்குப் பத்துப் பிட்டுகள் எனக் கொண்டால், செக்கனுக்கு 960 எழுத்துகள் செல்லும். இரு கடிகாரங்களுக்குமிடையே ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வேறுபாடு ஏற்படினும் கடைசிப் பிட்டை வாங்கி தவறாக வாசித்துவிடும்.

மட்டக்களப்புக் கூத்தரங்கை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. அண்ணாவியார் மத்தளத்திற் தாளக்கட்டைத் தொடங்கியதும், களரியில் நிற்கும் கூத்தர் அதனைப் பற்றிக்கொண்டு ஆடுவர். தாளம் எது, எத்தனை அடி, எங்கே தீர்மானம் என்பன முன்னரே ஒத்திகையில் உடன்பட்டவை. வடமோடிக்குரிய தாளத்தை எதிர்பார்த்து நிற்பவருக்குத் தென்மோடித் தாளம் அடிக்கப்பட்டால் ஆட்டம் குழம்பும். தொடர்நிலை இணைப்பிலும் வேகம், தரவுப் பிட்டுகளின் தொகை, சோதனைப் பிட் உண்டா இல்லையா, நிறுத்தற் பிட் எத்தனை என்னும் நான்கிலும் இரு கருவிகளும் முன்னரே உடன்பட்டிருத்தல் வேண்டும். வேகம் ஒவ்வாவிடின் குழப்பம் உடனே தெரியும். ஏனைய மூன்றிலும் ஏற்படும் ஒவ்வாமை சிலவேளைகளில் வெளியே தெரியாமலே இருந்துவிடும்.

இங்குக் கூறப்பட்ட சோதனைப் பிட் சிறிது விரிவாக நோக்கத்தக்கது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீடு ஏழு பிட்டுகளால் அமைந்தது. அதில் 128 இடங்களே உண்டு. ஆங்கில நெடுங்கணக்கு, எண்கள், நிறுத்தக் குறிகள், கட்டளைகள் ஆகியவற்றுக்கு அவை போதுமாயின. எட்டாவது பிட் வெறுமையாக இருந்தமையால், பிழையைக் கண்டறியும் காவலாளாக அது நியமிக்கப்பட்டது. இரட்டைச் சோதனை முறையில், ஏழு பிட்டுகளிலுமுள்ள ஒன்றுகளின் தொகை ஒற்றையாயின் எட்டாவது பிட் ஒன்று ஆக்கப்படும். இரட்டையாயின் பூச்சியமாகவே விடப்படும். இதனால் மொத்தத் தொகை எப்போதும் இரட்டையாகும். வழியில் ஒரு பிட் மாறினால் வாங்கி அதனை உணரும்.

4

செவிமடுப்பு மென்பொருளுக்கு நம் மண்ணிலே பொருத்தமான ஓர் உவமை உண்டு. நிலாக்காலத்து இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே வாவிக்குள் எழும் இன்னொலி 'பாடும் மீன்' என வழங்குகின்றது. தோணியிற் சென்று துடுப்பின் ஒரு முனையை நீருள் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்த்து மீனவர் அதனைக் கேட்பர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் 1848இல் மட்டக்களப்புக்கு வந்து அவ்வொலியைக் கேட்டு, பின்னர்த் தமது நூலில் அதனை விவரித்துள்ளார். அவர் கேட்டு எழுதுவதற்கு முன்னரே அதனைக் கேட்கும் வழியை அறிந்திருந்தோர் மீனவரே என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. துடுப்பு நீரோட்டத்தைத் தடுக்கவில்லை; ஒலியை மாற்றவில்லை. மேற்பரப்பில் கேளாத ஒன்றைக் காதுக்குக் கொணர்ந்தது.

இம்மென்பொருள்கள் செய்வதும் அதுவே. அவற்றை மூவகையாகப் பகுத்துக் காணலாம். முதலாவது வகை, முனைய மென்பொருள். அது தானே உரையாடலில் ஒரு தரப்பாக நின்று, கருவிக்குக் கட்டளையைத் தட்டச்சுச் செய்து மறுமொழியைத் திரையிற் காட்டும். விண்டோஸ் எக்ஸ்பி வரை உடன்வந்த ஹைப்பர்டேர்மினல், லினக்ஸ் பயனாளர் அறிந்த மினிகொம், இருதிறத்தாரும் கையாளும் புட்டி ஆகியன இவ்வகையின. கருவி உயிருடன் உள்ளதா, கம்பி சரியா என்பதை அறிய இவை போதும். இரண்டாவது வகை, ஒட்டுக்கேட்கும் மென்பொருள். கணினியில் ஏலவே ஒரு நிரல் தராசோடு பேசிக்கொண்டிருக்கையில், அதனைக் குழப்பாது இயக்குமுறைமையின் அடித்தளத்தில் அமர்ந்து, இருபுறமும் செல்லும் ஒவ்வொரு பைட்டையும் நேரத்தோடும் திசையோடும் பதிவுசெய்வது. சிஸின்டேர்னல்ஸ் வெளியிட்ட போர்ட்மொன் ஒரு காலத்திற் பலருக்கு இவ்வகையில் உதவியது. மூன்றாவது வகை, கற்பனை வாயிற் சோடி. உண்மையான கம்பியோ கருவியோ இன்றி, கணினிக்குள்ளேயே இரு வாயில்களை உண்டாக்கி ஒன்றோடொன்று பிணைப்பது. தராசு கிடைக்கு முன்னரே தராசைப் போல் நடிக்கும் நிரலொன்றை எழுதி, வேண்டுமென்றே பிழைகளை அனுப்பி, வாங்கும் நிரல் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று சோதிக்க இது உதவும்.

இவையனைத்திலும் அடிப்படையான பண்பு ஒன்று: வந்த பைட்டை எழுத்தாக மட்டும் காட்டாது, எண்ணாகவும் அருகருகே காட்டுதல். எழுத்தாகக் காட்டுவது ஏலவே ஒரு வியாக்கியானம், எண்ணே மூலபாடம். பாடபேத ஆராய்ச்சியில் ஈடுபட்டோர், உரையாசிரியர் கொண்ட பாடத்தையும் ஏட்டிலுள்ள பாடத்தையும் ஒருங்குவைத்து நோக்குவதன் இன்றியமையாமையை அறிவர்.

5

இனி, களஞ்சியத்து நிகழ்ச்சிக்கு வருவோம். மட்டக்களப்புப் பிரதேசத்தில் நெல்லை அளத்தல் எக்காலத்தும் வெறும் கணக்காக இருந்ததில்லை. போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும் வயற்கூலிகளுக்கும் இடையேயான உற்பத்தி உறவு, சூடடித்த களவெட்டியில் மரைக்காலின் வாயிலேயே வெளிப்பட்டது. அளக்கும்போது முதலாவது அளவை 'ஒன்று' என்னாது 'இலாபம்' எனத் தொடங்கும் வழக்குத் தமிழ்ப் பிரதேசங்களிற் பரவலாக உண்டு. அதுவும் ஒரு குறியீடே. ஆயினும் களத்தில் நின்ற அனைவரும் அறிந்த குறியீடு. அளப்பவர் கையையும் அளவின் வாயையும் எல்லோரும் பார்த்து நின்றனர். மின்னணுத் தராசு வந்தபோது மரைக்காலின் குவியலும் தலைவழிப்பும் பற்றிய பழைய பூசல்கள் ஒழிந்தன என்பது உண்மை. அது ஒரு முன்னேற்றமே. ஆனால் அளவை எழுதும் வேலை மனிதர் கண்ணிலிருந்து கம்பிக்குள் சென்றது.

அக்களஞ்சியத்தில் தராசின் முகப்பில் நிறை தெரியும். அதே நிறை கம்பி வழியே கணினிக்குச் சென்று, விவசாயிக்குரிய துண்டில் அச்சாகும். பணம் துண்டின்படியே கொடுக்கப்படும். சிலவேளைகளில் துண்டில் 62.5க்குப் பதிலாக 6.5 என விழும். எழுதுவினைஞர் சிரித்துவிட்டுப் பேனையாற் திருத்துவார். 'மிசின் இடைக்கிடை தடக்குப்படும்' என்பது அவர் விளக்கம். முதியவர் ஒருவர் மாத்திரம், தராசின் முகப்பில் தெரிந்ததைத் தம் பேரனின் பழைய கொப்பியொன்றில் மூடைக்கு மூடை குறித்து வந்தார். துண்டுகளோடு ஒப்பிட்டபோது, தமது தொகை எப்போதும் சிறிது கூடியிருப்பதை அவர் கண்டார். ஒருபோதும் குறையவில்லை. "மிசின் பொய் சொல்லாதெண்டு சொன்னாங்க மனே. அப்ப என்ர கொப்பியா பொய் சொல்லுது?" என்று அவர் கேட்டார்.

தொழினுட்பக் கல்வி பயின்ற ஊர் இளைஞர் ஒருவர் தமது மடிக்கணினியைக் கொணர்ந்து, ஒட்டுக்கேட்கும் மென்பொருளொன்றை இயக்கினார். 65.8 கிலோ நிறையுள்ள மூடை தராசில் ஏறியது. முகப்பில் 65.8, துண்டில் 65.0. திரையில் நான்கு எண்கள் வந்தன: 54, 53, 46, 184. ஆஸ்கிக் குறியீட்டில் 54 என்பது ஆறு. 53 என்பது ஐந்து. 46 என்பது புள்ளி. எட்டு என்னும் இலக்கத்துக்குரியது 56, வந்திருந்ததோ 184. இரண்டுக்கும் இடையேயான வேறுபாடு 128, அதாவது எட்டாவது பிட்.

காரணம் விளங்கிற்று. தராசு ஏழு தரவுப் பிட்டோடும் இரட்டைச் சோதனைப் பிட்டோடும் அனுப்பியது. கணினி நிரலோ எட்டுத் தரவுப் பிட்டுகளையும் சோதனை இன்மையையும் எதிர்பார்த்தது. தொடக்கமும் நிறுத்தமும் சேர்த்து எண்ணின் இருமுறையிலும் பத்துப் பிட்டுகளே; ஆதலால் இணைப்பிற் பிழை உண்டென எவ்வறிவித்தலும் எழவில்லை. காவலாளாக வந்த பிட்டைக் கணினி எழுத்தின் உறுப்பாகவே வாசித்தது. எட்டு என்பதன் ஏழு பிட்டுகளில் ஒன்றுகள் மூன்று, ஒற்றை, ஆகவே எட்டாவது பிட் ஒன்றாயிற்று. இவ்வாறு கணித்தால் 0, 3, 5, 6, 9 ஆகிய ஐந்து இலக்கங்களும் புள்ளியும் பழுதின்றி வரும். 1, 2, 4, 7, 8 ஆகிய ஐந்தும் உருமாறி வரும். செய்தியின் முடிவைக் காட்டும் குறி 10 என்னும் எண். அதில் ஒன்றுகள் இரண்டு. அதுவும் பழுதின்றியே வந்தது. எனவே நிரல் ஒவ்வொரு நிறையும் முழுமையாகக் கிடைத்ததென்றே கருதி, தான் அறியாத எழுத்துகளை வீசிவிட்டு எஞ்சியதை அச்சிட்டது.

இதன் விளைவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். கிலோவின் முழு எண்ணில் ஓர் இலக்கம் விழுந்தால், 62.5 என்பது 6.5 ஆகும், எவர் கண்ணுக்கும் தெரியும், திருத்தப்படும். தசம இலக்கம் விழுந்தால், 65.8 என்பது 65 ஆகும். எவர் கண்ணுக்கும் தெரியாது. தசம இடத்தில் பத்து இலக்கங்களும் சம வாய்ப்புடன் வருமெனக் கொண்டால், கவனிக்கப்படாது போகும் மூடைகளில் இழப்பின் சராசரி, 0.1, 0.2, 0.4, 0.7, 0.8 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 2.2ஐப் பத்தாற் பிரிக்கக் கிடைப்பது: மூடைக்கு 220 கிராம். நூறு மூடைக்கு 22 கிலோ. ஒரு புசல் நெல்லின் நிறை ஏறத்தாழ 21 கிலோ. அதாவது, நூறு மூடைக்கு ஒரு புசலுக்குச் சற்றுக் கூடுதலான நெல் விலையின்றிக் களஞ்சியத்துக்குச் சென்றது.

இங்கே எவரும் களவெடுக்கத் திட்டமிடவில்லை. தராசு சரியானது, அதன் மேலிருந்த முத்திரையும் முறையானது. நிரலும் தன்னளவிற் சரியாகவே இயங்கியது. இரு அமைப்புகளில் பொருந்தாத ஓர் இணைப்பு, அவ்வளவே. ஆயினும் பிழை இருபக்கமும் சமனாக விழவில்லை. இலக்கம் விழுந்தால் எண் குறையுமேயன்றிக் கூடாது. விற்பவனின் நிறை குறைய, வாங்குபவனின் இலாபம் கூடியது. வாங்குபவனுக்குப் பாதகமான பிழையாயின் அது ஒரு வாரத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். அவனிடம் கணக்காளர் உண்டு, இருப்புப் பதிவேடு உண்டு. தொழினுட்பம் வர்க்கச் சார்பற்றது என்போர் எண்ணிப்பார்க்கவேண்டிய இடம் இது. தனிமனிதரின் தீய எண்ணத்தில் மட்டும் சுரண்டலைத் தேடுவோரும் எண்ணிப்பார்க்கவேண்டிய இடம் இது. பிழையைக் கண்டறியும் வசதி எவர் கையிலுண்டோ அவர் பக்கம் சாயும் பிழைகளே நெடுநாள் நிலைக்கின்றன.

நிரலின் அமைப்பில் இரு தெரிவுகளை மாற்றியதும் துண்டும் தராசும் ஒன்றாயின. ஒரு சதமும் செலவாகவில்லை. ஆனால் முந்திய இழப்பைப் பற்றிப் பேச்செழுந்தபோது, கொப்பி வைத்திருந்த முதியவருக்கு மாத்திரமே வேறுபாடு கொடுக்கப்பட்டது. ஏனையோரிடம் சான்று இருக்கவில்லை. மென்பொருள் கம்பியின் இன்றைய நிலையையே காட்டிற்று. நேற்றைய நிலைக்குச் சாட்சியாக நின்றது கொப்பி. உழைப்பவர் தம் அனுபவத்தால் எழுப்பிய ஐயமும் கருவியறிவும் இணைந்தபோதே உண்மை வெளிவந்தது. ஒன்றின்றி மற்றையது பயன்பட்டிராது.

6

நெல் மூடையில் நின்ற அதே எட்டாவது பிட், மொழியின் பக்கமும் ஒரு கதையை உடையது. ஏழு பிட்டுக்குள் 128 இடங்களை வகுத்தோர் ஆங்கிலத்தை மனங்கொண்டே வகுத்தனர். தமிழ் போன்ற மொழிகளுக்கு அக்கட்டடத்தில் அறை இல்லை. 1991இல் வெளிவந்த யூனிகோட்டின் முதற் பதிப்பில் தமிழ் இடம்பெற்றது. இன்று அதனைக் கம்பியில் அனுப்பப் பெரிதும் வழங்கும் யூடிஎவ்-8 முறையில், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் செல்கின்றது. அம்மூன்றும் 128 அல்லது அதற்கு மேற்பட்ட எண்களே. அதாவது, தமிழின் ஒவ்வொரு பைட்டிலும் எட்டாவது பிட் ஒன்றாகவே இருக்கும்.

'தமிழ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம. இலக்கணத்தில் அது மூன்று எழுத்து. கணினியில் த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். கம்பியில் பதினைந்து பைட்டுகள். 9600 போட் வேகத்தில் ஏறத்தாழ பதினாறு மிலிசெக்கன். 300 போட் வேகமுடைய பழைய மொடத்தில் அரைச் செக்கன். ஏழு பிட்டுக்கே எழுதப்பட்ட பழைய நிரலொன்று எட்டாவது பிட்டை வெட்டியெறிந்தால் என்ன நிகழும் என்பதை, செவிமடுப்பு மென்பொருளின் திரையில் எவரும் சோதித்துப் பார்க்கலாம். 'த' என்பது 224, 174, 164. ஒவ்வொன்றிலும் 128 கழிய எஞ்சுவன 96, 46, 36. அவை முறையே ஒரு சாய்மேற்குறி, ஒரு முற்றுப்புள்ளி, ஒரு டொலர் குறி. 'ழ' என்பதன் ஈற்றுப் பைட்டான 180 வெறும் நான்காம் இலக்கமாகின்றது. இகர விசிறியின் ஈற்றுப் பைட்டான 191 வினாக்குறியாகின்றது. புள்ளியின் கதை இன்னும் விநோதமானது. அதன் ஈற்றுப் பைட் 141. 128 கழிய 13. ஆஸ்கிக் குறியீட்டில் 13 என்பது எழுத்தன்று. அச்சுப்பொறியின் வண்டியை வரியின் தொடக்கத்துக்கு மீளச் செய்யும் கட்டளை. மெய்யெழுத்தின் புள்ளி ஒவ்வொன்றும் வண்டியை வரித் தொடக்கத்துக்கு இழுக்க, அடுத்த எழுத்துகள் முந்தியவற்றின் மேலேயே அடிக்கப்படும். தமிழ் வாசகம் ஒரு கரிய கோடாகும்.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது எதிர்கொண்டதும் புள்ளியின் பிரச்சினையே. புள்ளியை அடிக்கையில் வண்டி நகராதிருக்கவேண்டும். நகராவிசை அதற்கு விடையாயிற்று. இயந்திரத்தை மொழிக்கு ஏற்ப மாற்றியமைத்த செயல் அது. மொழியை இயந்திரத்துக்கு ஏற்ப நறுக்கவேண்டும் என்று வாதிடுவோர் நம்மிடையே எக்காலத்தும் இருந்துள்ளனர். எட்டாவது பிட்டின் வரலாறு அவர்களுக்கு மறுமொழியாகும். குறைபாடு எழுத்திலன்று; பிற மொழியை அளவுகோலாக வைத்து அமைக்கப்பட்ட வழியிலேயே இருந்தது.

7

செவிமடுத்தல் எல்லாம் நன்மையே எனக் கூறி இங்கு முடித்துவிட இயலாது. 'கண்காணிப்பு' என்னும் சொல் கொக்கட்டிச்சோலையில் இலேசான சொல்லன்று. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் படுகொலைகளைக் கண்ட நிலம் இது. சோதனைச்சாவடிகளும் பதிவுகளும் அன்றாட வாழ்வாயிருந்த நெடிய யுத்த காலத்தைக் கடந்துவந்த மக்கள் இவர்கள். இக்காரணம் பற்றியே இக்கட்டுரையில் அச்சொல்லைத் தவிர்த்து, செவிமடுத்தல் என்னும் சொல்லைப் பெரிதும் கையாண்டேன்.

வேறுபாடு சொல்லளவினதன்று. வாழைச்சேனைத் துறையிலிருந்து ஆழ்கடல் செல்லும் பலநாட் படகுகளை நோக்குக. படகிலுள்ள இடங்காட்டியும் ஆழமானியும் என்எம்இஏ 0183 என்னும் நியமத்தின்படி, 4800 போட் வேகத்தில், தொடர்நிலைக் கம்பியில் உரையாடுகின்றன. அந்நியமத்தில் ஒவ்வொரு செய்திக்கும் 'வாக்கியம்' என்றே பெயர். ஒவ்வொரு வாக்கியத்தின் ஈற்றிலும் அதன் செம்மையைச் சோதிக்கும் எண் ஒன்று வரும். அதனைச் செவிமடுக்கக் கற்ற மீனவர், இடங்காட்டி பழுதா கம்பி பழுதா என்பதைத் துறையிலேயே அறிந்துகொள்ளலாம். அதே படகில் இன்னொரு கருவியும் உண்டு. இலங்கை சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறிற்று எனக் கூறி ஐரோப்பிய ஒன்றியம் விதித்த மீன் இறக்குமதித் தடை 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, 2016 ஜூனில் நீக்கப்பட்டது. அக்காலத்தில் ஆழ்கடற் படகுகளுக்குச் செய்மதிவழிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. கடல் வளத்தைப் பேணும் நோக்கு ஏற்கத்தக்கதே. ஆயினும் அக்கருவியின் பேச்சு கரையிலுள்ள அதிகாரத்துக்கானது. படகுத் தொழிலாளிக்கு எழுதப்பட்டதன்று. முன்னையதில் தொழிலாளி கருவியைக் கேட்கின்றார். பின்னையதில் கருவி தொழிலாளியைக் கேட்கின்றது. நுட்பம் ஒன்றே; உறவு தலைகீழானது. எவர் எவரைச் செவிமடுக்கின்றார், கேட்டது எவர் கைக்குச் செல்கின்றது என்பதை வினவாது, இத்தகைய மென்பொருளை வாழ்த்துவதும் தூற்றுவதும் ஒரேயளவு பயனற்றவை.

இதனோடு இணைந்தது நெறிமுறைகளின் உடைமை பற்றிய வினா. ஆர்எஸ்-232 பகிரங்கமான நியமம். ஆதலால் எவரும் கம்பியை இணைக்கலாம். ஆனால் அக்கம்பியிற் செல்லும் செய்தியின் அமைப்பைப் பல உற்பத்தியாளர்கள் தம் வணிக இரகசியமாக வைத்திருக்கின்றனர். பழுதானால் அவர்களுடைய முகவரையே அழைக்கவேண்டும். நகரிலிருந்து முகவர் வரும்வரை அறுவடைக்காலம் காத்திருப்பதில்லை. செவிமடுப்பு மென்பொருள் இவ்விரகசியத்தை, வந்துபோகும் பைட்டுகளிலிருந்து ஊகித்தறிய வழி செய்கின்றது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த ஜீஎன்யூ திட்டத்தை அடியொற்றிய சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் பயனாக, இத்தகைய கருவிகள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் மூலநிரலையும் எவரும் வாசிக்கலாம். கருவி இலவசமாயிற்று, அதனைக் கையாளும் அறிவே இன்னும் பொதுவுடைமையாகவில்லை.

8

அவ்வறிவு தமிழில் இல்லாதிருப்பதற்கு மொழியின் இயலாமை காரணமன்று. காரைதீவிற் பிறந்து, கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த விபுலாநந்த அடிகள், 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை வகித்தார். விஞ்ஞானமும் தமிழும் இரு கரைகள் என அவர் கருதவில்லை. அவருக்குப் பின் வந்த நாம் கலைச்சொற்களை அகராதிகளில் அடுக்கிவைத்தோம். களஞ்சியத்தில் நின்ற எழுதுவினைஞருக்கு, தராசின் கையேட்டிலிருந்த அந்த ஒரு வரியைத் தமிழில் விளக்கியிருந்தால், நூறு மூடைக்கொரு புசல் போயிராது.

செய்யத்தக்கன சில தெளிவாகவே உள. நிறைக்கருவி கணினியோடு இணைக்கப்படும் இடமெங்கும், பத்து இலக்கங்களும் வரத்தக்க சில நிறைகளை ஏற்றி, முகப்பையும் துண்டையும் விவசாயிகளின் முன்னிலையில் ஒப்பிடுதல் வேண்டும். கருவியின் செய்தியமைப்பை வாங்குவோருக்கு வெளிப்படுத்துமாறு கொள்வனவு நிபந்தனையிலேயே எழுதுதல் வேண்டும். விவசாயிகள் அமைப்புகளும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் இம்மென்பொருளைக் கையாளத் தெரிந்த ஊர் இளைஞர் சிலரையேனும் உருவாக்குதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் அதற்குரிய எளிய கைந்நூல்களை எழுதுதல் வேண்டும். எழுதியதை வாவிக்கு அப்பால் கொண்டுசெல்லுதலும் வேண்டும்.

அன்று அக்களஞ்சியத்தில் திருத்தம் முடிந்தபின், முதியவர் தம் கொப்பியை மூடி இடுப்பிற் செருகிக்கொண்டார். இனி எழுதத் தேவையில்லையே என்று இளைஞர் கூறினார். "அது ஓடட்டும் மனே. நானும் எழுதுறன்" என்றார் அவர். அடுத்த போகத்திலும் அவர் எழுதினார். அம்முறை அவரைப் பார்த்து வேறு சிலரும் கொப்பியோடு வந்திருந்தனர்.